பெல்லில் வைத்த விரல்

"தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூச்சு திரும்பாமல் பல மணி நேரம் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்கோலின் ஆப்னியா’ என்று எழுதியிருக்கிறது. மருந்து அதிகமாகிவிட்டதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வழக்கமான அளவிலேயே இது நடக்கும். ஸ்கோலின் தூங்கவைக்கும் மருந்தும் அல்ல, வலிமருந்தும் அல்ல. தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்காகத் தாடையையும் குரல்வளையையும் தளர்த்தும் மருந்து. நோயாளியைத் தூங்கவைத்த பிறகே இதைப் போடுவார்கள்.

அது தளர்த்தும் விதம்தான் அற்புதம். நரம்பு நுனியிலிருந்து வரும் அசிடைல்கோலின், தசையின் வாசலில் உள்ள காலிங் பெல்லை அழுத்துகிறது, தசை சுருங்குகிறது. வாசலிலேயே நிற்கும் நொதி ஒன்று அந்த விரலைக் கண நேரத்தில் தட்டிவிடும். ஸ்கோலின் என்பது இரண்டு அசிடைல்கோலின்கள் ஒட்டிய மூலக்கூறு. பெல்லுக்கு அது பழகிய விரல்தான்; வாசல் நொதிக்கோ அதைத் தட்டிவிடத் தெரியாது. எடுத்த எடுப்பில் பெல் அலறுகிறது: இமை துடிக்கும், முகம், தோள், தொடை என்று துடிப்பு தோலுக்கடியில் கால்வரை ஓடும். அழுத்திய விரல் எடுபடாததால் மறுபடி அழுத்த வழியில்லை, மூச்சுத் தசை உட்பட எல்லாத் தசையும் அடங்கிவிடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

விரலை எடுக்கும் ஆள் வாசலில் இல்லை, தெருவில் இருக்கிறார். ரத்தத்தில் ஓடும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி அது. ஊசியில் ஏற்றியதில் பெரும்பகுதியை வழியிலேயே உடைத்துவிடுகிறது. வாசலை எட்டிய சிறு பங்கும், தெரு காலியாகக் காலியாகத் திரும்பி இறங்கி உடைபடுகிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மூச்சு வந்துவிடும். தெருவில் ஆளே இல்லையென்றால் மணிக்கணக்காகும்.

வரலாற்றில் ஒன்று போதும். 1906இல் ஹன்ட், டாவோ என்ற ஆய்வாளர்கள் ஸ்கோலினைச் சோதித்த விலங்குகளுக்கு முன்னதாகவே குராரே கொடுத்து முடக்கியிருந்ததால், இதன் முடக்கும் குணம் கண்ணில் படவில்லை. 1949இல் டேனியல் போவே அதைக் காட்டினார்.

சுகமாடெக்ஸ் என்ற மாற்று மருந்து எந்த முடக்கத்தையும் நொடியில் நீக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள். ரோகுரோனியம், வெகுரோனியம் போன்ற வேறு தசைத் தளர்த்திகளைத்தான் அது கவ்வும், ஸ்கோலினைத் தொடாது. நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து, மூச்சு கொடுத்து, மருந்து தானாக அடங்கும்வரை காத்திருப்பதே வைத்தியம். தம்பிக்குச் செய்தது சரி.

கல்லீரல் நோயிலும் பூச்சிமருந்து நஞ்சிலும் இந்த நொதி குறையும். பிறவியிலேயே குறைந்தவர்களும் உண்டு. தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தினரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அன்றாட வாழ்வில் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு ஒரு குறையும் இராது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை தெரியவும் தெரியாது.

தம்பிக்கு இது மரபுவழி வந்திருந்தால், கூடப் பிறந்த உங்களுக்கும் இருக்கக் குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும், செய்துகொள்ளுங்கள். தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்தி, வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். ஸ்கோலினுக்குப் பதிலாக ரோகுரோனியம் போடுவார்.