எதிலிருந்து எவ்வளவு? புலிப் பட்டைகள் சொல்லும் கணக்கு

இந்தியக் காடுகளில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புலிகளைக் கணக்கெடுக்கிறார்கள். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், மாநில வனத்துறைகள் எல்லாம் சேர்ந்து செய்யும் பெரிய வேலை இது. புலி நடமாடும் தடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திவிடுவார்கள். புலி கடக்கும்போது கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். ஒரு புலியின் உடலில் உள்ள வரிகள் இன்னொரு புலிக்கு அப்படியே இருப்பதில்லை. அதனால் ஒரே புலி பல முறை படத்தில் வந்தாலும் அதை ஒன்றாகவே கணக்கில் சேர்ப்பார்கள். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன.

இதுவரை கிடைத்த எண்கள் இவை:

2006 – 1,411
2010 – 1,706
2014 – 2,226
2018 – 2,967
2022 – 3,682

இவற்றை ஒரு பட்டை விளக்கப்படமாக வரைந்து பார்ப்போம். ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டை வரைவோம்

கிடைமட்டக் கோட்டில் ஐந்து ஆண்டுகளையும் சம இடைவெளி விட்டு எழுதுங்கள். செங்குத்துக் கோட்டில் புலிகளின் எண்ணிக்கை வரும். 1 செ.மீ. உயரத்துக்கு 500 புலிகள் என்று அளவுத்திட்டம் வைத்துக்கொள்வோம். 2006-க்கு ஏறக்குறைய 2.8 செ.மீ., 2010-க்கு 3.4, 2014-க்கு 4.5, 2018-க்கு 5.9, 2022-க்கு 7.4 செ.மீ. உயரப் பட்டைகள் வரும். எல்லாப் பட்டைகளும் ஒரே அகலத்தில் இருக்கட்டும்.

செங்குத்துக் கோட்டின் அடியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். இது மிக முக்கியம். அடியில் 1,000 என்று எழுதிவிட்டு அங்கிருந்து வரைந்தால் என்ன ஆகும்? 2006-இன் பட்டையில் 411 புலிகளுக்கான உயரம் மட்டுமே தெரியும். 2022-இன் பட்டையில் 2,682 புலிகளுக்கான உயரம் தெரியும். கடைசிப் பட்டை முதல் பட்டையைப்போல ஆறரை மடங்கு உயர்ந்து நிற்கும். உண்மையில் 2022-இன் எண்ணிக்கை 2006-இல் இருந்ததைப்போல 2.6 மடங்குதான். எண்கள் மாறவில்லை, படம் மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். எந்தப் பட்டைப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அடிக்கோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

சதவீத மாற்றம்

பட்டைகள் உயர்ந்துகொண்டே போகின்றன. எந்த நான்கு ஆண்டுகளில் வளர்ச்சி வேகமாக இருந்தது? இதைச் சொல்லச் சதவீத மாற்றம் உதவும். வழி எளிது:

புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழியுங்கள். கிடைத்ததைப் பழைய எண்ணால் வகுங்கள். பிறகு 100-ஆல் பெருக்குங்கள்.

2010-இலிருந்து 2014 வரை: 2,226 – 1,706 = 520. இதை 1,706-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 30.5 சதவீதம்.

2018-இலிருந்து 2022 வரை: 3,682 – 2,967 = 715. இதை 2,967-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 24.1 சதவீதம்.

520 புலிகள் கூடியபோது 30.5 சதவீதம். அதைவிட அதிகமாக 715 புலிகள் கூடியபோது 24.1 சதவீதம்தான்! கணக்கு சரிதான். முதல் கணக்கில் 1,706 புலிகளிலிருந்து தொடங்கினோம், இரண்டாவதில் 2,967 புலிகளிலிருந்து தொடங்கினோம். தொடங்கும் எண் பெரிதாகும்போது அதே சதவீதத்தைத் தொட இன்னும் அதிகப் புலிகள் கூட வேண்டும். அதனால் எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் ‘எதிலிருந்து?’ என்று நாம் கேட்க வேண்டும்.

இதே கேள்வி இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். நான்கு இடைவெளிகளிலும் வளர்ச்சி 20.9, 30.5, 33.3, 24.1 சதவீதம். கூட்டினால் 108.8 வருகிறது. ஆனால் 1,411-இலிருந்து நேரடியாக 3,682-க்குக் கணக்குப் போட்டால் 161 சதவீதம் வருகிறது! நான்கு சதவீதங்களும் நான்கு வெவ்வேறு எண்களிலிருந்து பிறந்தவை. அவற்றைக் கூட்டவே கூடாது.

பட்டைக்குப் பின்னால்

2006 கணக்கெடுப்பில் சுந்தரவனக் காடுகள் சேரவில்லை. 2010-இல்தான் அங்கிருந்த 70 புலிகள் கணக்கில் வந்தன. அவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிட்டால் வளர்ச்சி 20.9 சதவீதத்திலிருந்து 15.9 ஆகக் குறைகிறது. ஒரே பரப்பை ஒப்பிட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். 2006-க்கு முன்பு காலடித் தடங்களைப் பார்த்துப் புலிகளை எண்ணினார்கள். அந்த முறையில் 2002-இல் 3,642 புலிகள் என்று கணக்குச் சொன்னது. அதை நம் படத்தில் முதல் பட்டையாக வரைந்தால், நான்கே ஆண்டுகளில் 61 சதவீதப் புலிகள் மறைந்துவிட்டதாகத் தோன்றும். முறை மாறியதால் அந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியாது. அதற்காகப் புலிகள் குறையவில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் வேட்டையால் ஒரு புலிகூட மிஞ்சாமல் போனது 2005-இல் உறுதியானது. 2008-இல் ரந்தம்பூர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். சரிஸ்காவின் வளர்ச்சி எத்தனை சதவீதம்? சொல்லவே முடியாது. பழைய எண் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

இன்னொரு செய்தி: 3,682 என்பது ஒவ்வொரு புலியையும் எண்ணிக் கிடைத்ததல்ல, அது ஒரு சராசரி மதிப்பீடு. 2022-இல் குறைந்தது 3,167, அதிகபட்சம் 3,925 புலிகள் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். சில படங்களில் பட்டையின் தலையில் ஒரு மெல்லிய நிமிர்ந்த கோடு இருக்கும். அந்த எல்லைகளைக் காட்டுவதுதான் அது.

இறங்கும் பட்டைகள்

எல்லா விலங்குகளின் பட்டைகளும் ஏறுவதில்லை. வெண்முதுகுப் பாறு கழுகு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே ஏறக்குறைய 99.9 சதவீதம் குறைந்தது. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம். இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அது கெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது.

இப்போது கணக்கு. 99.9 சதவீதம் குறைந்த கழுகுகள் 99.9 சதவீதம் கூடினால் பழைய நிலைக்கு வந்துவிடுமா? ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். ஒன்று மறுபடி ஆயிரமாக 99,900 சதவீதம் கூட வேண்டும்! ஒரு கழுகு இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். இழப்பது எளிது, மீட்பது எவ்வளவு கடினம் என்று இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது. ஓர் உயிரினம் கொஞ்சமாகக் குறையும்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் தொடர்ந்து எண்ணுகிறோம், பட்டை வரைகிறோம்.

நீங்களே செய்யுங்கள்

தமிழ்நாட்டுப் புலிகளின் எண்ணிக்கை: 2006 – 76, 2010 – 163, 2014 – 229, 2018 – 264, 2022 – 306.

1. 1 செ.மீ.-க்கு 50 புலிகள் என்று வைத்துப் பட்டைகள் வரையுங்கள். அடியில் பூஜ்யம் இருக்கட்டும்.
2. ஒவ்வொரு இடைவெளியிலும் சதவீத வளர்ச்சி எவ்வளவு?
3. கடைசி இரண்டு இடைவெளிகளில் கூடிய புலிகள் 35, 42. சதவீதங்கள் ஏன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன?

விடைகள்: 2. 114.5, 40.5, 15.3, 15.9 சதவீதம். 3. கூடிய புலிகள் 35-இலிருந்து 42 ஆனபோது, தொடக்க எண்ணும் 229-இலிருந்து 264 ஆக உயர்ந்துவிட்டது.