பழைய புகைபோக்கியும் புதிய உலையும்

புகைபோக்கி புகையை மேலே இழுக்கிறது என்று சொல்வது வழக்கம். ஆனால் இழுப்பதற்கு அதனுள் எந்தப் பொறியும் இல்லை. உள்ளே இருப்பது சூடான, இலேசான வாயு. வெளியே, அதே உயரத்திற்கு, குளிர்ந்த கனமான காற்று. இந்தக் கனமான காற்றுதான் அடியில் புகுந்து இலேசான வாயுவை மேலே தள்ளுகிறது.

எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். புகைபோக்கியின் உயரம் 8 மீட்டர். வெளியே 0° செ.; உள்ளே 150° செ. என்க. வெளிக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.29 கிலோகிராம், உள்ளிருக்கும் வாயுவுக்கு ஏறத்தாழ 0.83. இந்த வேறுபாட்டை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் 36 பாஸ்கல் கிடைக்கும். வளிமண்டல அழுத்தத்தில் இது 2,800-ல் ஒரு பங்குதான்! உள்ளே வெப்பநிலை 60° செ. ஆகக் குறைந்தால், 18 பாஸ்கலே மிஞ்சும். இத்தனை நலிந்த ஒரு விசையை நம்பித்தான் ஒரு குடும்பம் இரவில் உறங்குகிறது.

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பல வீடுகளின் நிலவறையில் ஓர் உலை இருக்கும். குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்குவது அதுவே. பழைய வீடுகளில் செங்கல் புகைபோக்கி நிலக்கரி உலைக்கென்று கட்டப்பட்டது. பின்னர் எண்ணெய் வந்தது, இயற்கை வாயு வந்தது. புகைபோக்கி மட்டும் மாறவில்லை. பழைய உலைகள் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை வீணாக்கின. ஆனால் அந்த வீண் வெப்பம்தான் புகைபோக்கியைச் சூடாக வைத்திருந்தது.

புதிய உலை சிக்கனமானது. வெப்பத்தில் 80 விழுக்காட்டை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. புகைபோக்கிக்குச் செல்வது குறைவான வாயு, குறைவான வெப்பம். இங்கேதான் நீர் தொல்லை கொடுக்கிறது. ஒரு கிலோகிராம் மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோகிராம் நீர் உண்டாகிறது. (மாணவர்கள் சமன்பாட்டை எழுதிச் சரிபார்க்கலாம்.) புகைவாயு சுமார் 55° செ.-க்குக் கீழே குளிர்ந்தால் இந்த நீராவி சுவரில் படியத் தொடங்கும். படியும் நீர் அமிலத்தன்மை உடையது, சாந்தை அரிக்கும். செங்கல்லில் ஊறி உறைந்தால் விரிந்து கல்லையே பிளக்கும். புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

90 விழுக்காட்டிற்கு மேல் திறனுள்ள உலைகளில் நீராவி உலைக்குள்ளேயே குளிர்ந்து, தன் உள்ளுறை வெப்பத்தையும் கொடுத்துவிடுகிறது. மிஞ்சும் வாயுவை விசிறி ஒன்று பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. செங்கல் புகைபோக்கி இதற்குத் தேவையில்லை. சிக்கல் தீர்ந்தது என்றே தோன்றும். ஆனால் அதே புகைபோக்கியில் வெந்நீர்ச் சூடேற்றி ஒன்றும் இணைந்திருந்ததே! அது இப்போது தனித்து விடப்படுகிறது. அதன் குழாய் 10 செ.மீ. விட்டமும், புகைபோக்கியின் உட்புறம் 20 செ.மீ. சதுரமும் ஆனால், பரப்பு ஐந்து மடங்கு. அவ்வளவு பெரிய குளிர்ந்த கூட்டை அந்தச் சிறு சுடர் எப்படிச் சூடாக்கும்? சமையலறையின் காற்றுவெளியேற்றும் விசிறியைச் சுழலவிட்டால் வீட்டினுள் அழுத்தம் சற்றுக் குறையும். எரிந்த வாயு மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பிவிடலாம்.

அதில் கார்பன் மோனாக்ஸைடு இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இணைகிறது. தலைவலி, வாந்தி என்று தொடங்குவதால் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி மீண்டும் படுத்துக்கொள்பவர்கள் உண்டு.

பழைய புகைபோக்கியைப் பயன்படுத்தவே கூடாது என்பதல்ல. அதனுள்ளே, இணைக்கும் கருவிக்கேற்ற அளவில், ஓர் உலோகக் குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்கிவிடுகிறார்கள். குறுகிய குழாய் விரைவில் சூடாகும். வாயு குளிருமுன் வெளியேறிவிடும். வேறு கருவி எதுவும் இணையாத புகைபோக்கியானால், புதிய உலையின் பிளாஸ்டிக் குழாயையே அதன் வழியாகக் கொண்டுபோகலாம்.

உலை மாற்றியபின் செய்யும் சோதனை எளியது. கதவு, சன்னல்களை மூடி, விசிறிகள் அனைத்தையும் சுழலவிட்டு, சூடேற்றியைப் பற்றவைத்துச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு அதன் மேல்புறத் திறப்பருகே புகையும் குச்சி ஒன்றைப் பிடிக்கிறார்கள். நம் ஊதுவத்தியே போதும். புகை உள்ளே சென்றால் அப்போதைக்குச் சரி. அறைப்பக்கம் வளைந்தால் உடனே சூடேற்றியை அணைத்து, சன்னலைத் திறந்து, தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். காற்றும் குளிரும் நாளுக்கு நாள் மாறுவதால், சோதனையில் தேறிய வீட்டிலும் படுக்கையறை அருகே கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி ஒன்று இருந்தாக வேண்டும்.