ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும்

ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்கும், வேற்று முனைகள் ஒன்றையொன்று கவரும் என்னும் விதியைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் மனனம் செய்துவிடுகின்றோம். திசைகாட்டியின் வடமுனை வடக்கு நோக்கி நிற்கும் என்பதையும் உடன் படிக்கின்றோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு முரண் தலைகாட்டும். ஊசியின் வடமுனையைப் புவியின் வடபுறம் ஈர்க்கின்றதெனின், அங்கிருப்பது தென்முனையாக அன்றோ இருத்தல் வேண்டும்?

ஆம், அங்ஙனமே உள்ளது. வடதுருவப் பகுதியில் அமைந்த காந்த முனை, இயற்பியல் நெறிப்படி ஒரு தென்முனையே. குழப்பத்தை விளைவித்தது இயற்கையன்று, நாம் இட்ட பெயரே. 'வடக்கை நாடும் முனை' என்று வழங்கவேண்டியதை 'வடமுனை' எனச் சுருக்கினோம். வடக்கே உள்ளதையும் இடம் கருதி 'வடகாந்த முனை' என்றோம். ஒரே சொல் இரு பொருளில் நின்று மாணவரை மயக்குகின்றது.

ஊசியை விண்மீன் ஈர்க்கின்றது என்று நம்பியோர் முற்காலத்தில் உண்டு. 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், காந்தக் கல்லைக் கோளமாகச் செதுக்கி, அதன்மேல் சிறு ஊசியை வைத்து ஆராய்ந்தார். புவியின்மேல் ஊசி எவ்வாறு ஒழுகுமோ அவ்வாறே அக்கோளத்தின் மேலும் ஒழுகிற்று. புவியே ஒரு பெருங்காந்தம் என்று அவர் துணிந்தார். எனினும் பாடநூல்களில் புவியின் நடுவே சட்டக்காந்தம் ஒன்றை வரைந்து காட்டுதல் பொருந்தாதென்பது நம் கருத்து. புவிக்குள் நிலவும் கடும் வெப்பத்தில் எந்த இரும்பும் நிலைக்காந்தமாக இருத்தல் இயலாது. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தின் கீழ் உருகிச் சுழலும் இரும்புக் குழம்பில் எழும் மின்னோட்டமே காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றது.

குழம்பு ஓடிக்கொண்டேயிருப்பதால் முனையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831 ஜூன் 1-ஆம் நாள் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் காந்த முனையைக் கண்டார். அங்கே அவருடைய சரிவு ஊசி ஏறத்தாழச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நின்றது. பின்னர் அம்முனை கனடாவை நீங்கி, ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியத் திசையில் நகர்ந்துள்ளது. 2015-இல் வெளியிடப்பட்ட உலகக் காந்த மாதிரி 2020 வரை பயன்பட வேண்டியது. கணித்ததினும் முனை விரைந்து நகர்ந்தமையால் அதனை 2019-இன் தொடக்கத்திலேயே திருத்த நேர்ந்தது.

புவி சுழலும் அச்சின் முனையோ வேறிடம். ஆகவே ஊசி காட்டும் வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் இடையே ஒரு கோணம் விழுகின்றது. அதுவே காந்த ஒதுக்கம். ஊசி காந்த முனையை நேரே சுட்டுகின்றது என்பதும் முற்றும் சரியன்று. தான் நிற்கும் இடத்துப் புலத்தின் போக்கிலேயே அது திரும்புகின்றது. இலண்டனில் 1580-இல் ஒதுக்கம் கிழக்கே 11 பாகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே 24 பாகை. 2019-இல் கிரீனிச்சில் சுழி. தமிழகத்தில் இஃது இரண்டு பாகைக்கும் குறைவே. நாம் இதனைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம் போலும்!

மாலுமிக்கு அவ்வாறிருக்க இயலாது. ஒரு பாகை பிழைத்தால் 60 கடல் மைல் சென்றபின் கலம் ஒரு மைல் விலகி நிற்கும். பத்துப் பாகை பிழைத்தால் பத்து மைலுக்கும் மேல். நள்ளிரவில் பாறைக்கும் துறைமுகத்திற்கும் இடைப்பட்ட தொலைவு அதனினும் குறைவாக இருக்கலாம். ஆதலின் கடல் வரைபடங்களின் திசைவட்டத்தில் ஒதுக்கத்தின் அளவோடு, அஃது அளந்த ஆண்டையும் ஆண்டுதோறும் அது மாறும் அளவையும் பொறித்து வைக்கின்றனர்.

ஊசி கிடைமட்டத்தினின்றும் சாய்வதுண்டு. அது காந்தச் சரிவு. ஐரோப்பாவில் வடமுனை கீழே தாழுமாதலின், அங்குச் செய்யும் ஊசிகளின் தென்பாதியில் சிறிது எடை கூட்டுவர். அவ்வூசியை நம் தென்கோடிக்குக் கொணர்ந்தால் தென்பாதியே தாழும். ஏனெனில் இங்குச் சரிவு சுழியை நெருங்குகின்றது. சரிவற்ற இடங்களை இணைக்கும் காந்த நடுவரை இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரைத் தேர்ந்தமைக்கும் இக்கோட்டின் அண்மையே காரணம்.