முதல் ரிமோட் விமானம்: விலைக்கு முன் எடையைப் பாருங்கள்

இணையக் கடைகளில் "ஆர்.சி. விமானம்" என்று தேடினால் முதலில் வரிசைகட்டி நிற்பவை போர் விமானங்கள்தான். இரண்டாம் உலகப் போர்க்கால முஸ்டாங், ஸ்பிட்ஃபயர், பிறகு ஜெட் வகைகள். சிலவற்றின் கீழே "புதியவர்களுக்கு ஏற்றது" என்ற வரியும் தவறாமல் இருக்கும். அந்த வரிக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது. விற்பவர் விரும்பினால் எழுதிக்கொள்ளலாம்.

வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் வேறு. பேட்டரியையும் சேர்த்து, பறக்கத் தயாரான நிலையில் விமானத்தின் மொத்த எடை எவ்வளவு? பழகுவது எளிதா, விழுந்தால் யாருக்கு என்ன ஆகும், எந்த விதிக்கெல்லாம் கட்டுப்பட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை அந்த எண்ணில் இருக்கிறது.

250 கிராம் என்ற கோடு

ரிமோட் விமானம் விளையாட்டுப் பொருள்தானே, அதற்கு எதற்குச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021 அப்படிப் பார்க்கவில்லை. விமானி உள்ளே அமராமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எல்லா வானூர்திகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. நான்கு விசிறி கொண்ட ட்ரோன் மட்டுமல்ல, நிலையான இறக்கை கொண்ட விமானமும் அதில் அடக்கம்.

250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு விமானி உரிமம் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோ வகையை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட்டாலும் உரிமம் தேவையில்லை. ஆனால் 250 கிராமைத் தாண்டியதுமே தனி அடையாள எண்ணும் காப்பீடும் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் மட்டும் பறக்கும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. விதிகளை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

எடை குறைவு என்பதற்காக வான்வெளிக் கட்டுப்பாடு தளர்வதில்லை. சிவப்பு மண்டலத்தில் அரசின் முன் அனுமதியின்றி 100 கிராம் விமானத்தையும் எழுப்பக் கூடாது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரையும், அதற்கு அப்பால் உள்ள பச்சை மண்டலத்தில் 400 அடி வரையும் அனுமதி உண்டு. மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள சென்னைவாசிகள் மொட்டை மாடியில் ஏறுவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் தங்கள் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

எது பயிற்சி விமானம்?

இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும். அதன் இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த அமைப்பில் விமானம் சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். போர் விமான வடிவங்களில் இறக்கை தாழ்ந்திருக்கும். வேகம் குறைந்ததும் ஒரு நுனி சட்டென்று தொங்கி, விமானம் கவிழ்ந்து இறங்கும். பழகாத கை அதைத் திருத்த நினைப்பதற்குள் தரை வந்துவிடும்.

உடல் ஈபிஓ, ஈபிபி போன்ற நெகிழும் ஃபோமாக இருந்தால் உடைந்தாலும் பசை போட்டு அன்றே ஒட்டலாம். ப்ரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருந்தால், மூக்கு குத்தி விழும்போது அது தப்பிக்கும். கைரோ நிலைப்படுத்தி இருப்பது புதியவருக்குப் பெரிய துணை: குச்சியிலிருந்து கையை எடுத்தால் விமானம் நேராகிவிடும். ஹாபிசோன் ஏரோஸ்கவுட், வோலான்டெக்ஸ் ஸ்போர்ட் கப் போன்றவை இந்த வழியில் வந்தவை.

மிக இலேசான விமானத்துக்கும் ஒரு குறை உண்டு. காற்று சற்று வீசினாலே அது அலைக்கழியும். ஆகவே நானோ வாங்குபவர் காற்று எழும்பாத அதிகாலையில் பறக்கவிடப் பழக வேண்டும். ஒரு மீட்டர் அகல இறக்கை கொண்ட விமானம் காற்றைத் தாங்கும், தூரத்திலும் தெளிவாகத் தெரியும். அதற்கு ஆளில்லாத பெரிய மைதானமும் மேலே சொன்ன ஆவணங்களும் தேவை.

பெட்டியில் என்ன வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஆர்டிஎஃப் என்றால் டிரான்ஸ்மிட்டர், பேட்டரி எல்லாம் சேர்ந்தே வரும். பிஎன்பி என்றால் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனிச் செலவு. மலிவாகத் தெரிந்த விலை இரட்டிப்பாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

1.2 கிலோ விமானம் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மோதினால், விநாடிக்கு 8 மீட்டரில் வரும் 150 கிராம் விமானத்தைவிடச் சுமார் 28 மடங்கு ஆற்றலோடு மோதும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில் ரிமோட் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர், அதன் சுழலி தலையில் தாக்கி அங்கேயே இறந்தார். விமானங்களுக்கு அவ்வளவு பெரிய சுழலி இல்லை. ஆனால் கிலோ கணக்கில் எடை கூடும்போது அந்த எல்லையை நோக்கியே போகிறோம்.

கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு பாயலாம். அதனால் தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள், சாலையோரம் வேண்டாம், பட்டம் விடும் குழந்தைகளுக்கு அருகில் வேண்டவே வேண்டாம். பறக்கும் முன் ஒரு சோதனை: ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நின்றாக வேண்டும். மேசையில் வைத்துச் சரிசெய்யும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து லிப்போ பேட்டரி. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், பயன்படுத்தாமல் வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுத் தூங்குவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதும் தீயை அழைப்பதற்குச் சமம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது.

ஏமாற்றப்பட்டால்

14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மை என்று விற்கப்படும் விமானத்தில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். "14 வயதுக்கு மேல்" என்று எழுதப்பட்ட விமானத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முழுதாகக் கட்டி முடித்த ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு 2022 பிப்ரவரி 9 அன்று தடைசெய்தது. ஆகவே வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாகப் பணம் கட்டும் முன், பொருள் சுங்கத்தில் சிக்கினால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்திய விற்பனையாளராக இருந்தால் நுகர்வோருக்குக் கை ஓங்கியிருக்கிறது. மின்வணிக விதிகள், 2020-ன்படி குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்க முடியாது.

பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். பில், விளம்பரப் பக்கத்தின் படம், சமையலறைத் தராசில் விமானம் காட்டும் எடை, மூன்றையும் சேர்த்து வைத்தால் "250 கிராமுக்குக் கீழ்" என்று விற்ற பொய் அங்கேயே அகப்படும். கடைக்காரர் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை.