உங்களுக்குத் தெரியுமா? நேருவுக்கும் மாவோவுக்கும் நடுவே ஒரு புனேக்காரர்!

புனேயின் ஏரவாடா என்றதும் காந்தியடிகள் இருந்த சிறைதான் நினைவுக்கு வரும். மொழியியல் ஆய்வுக்குப் பேர்போன டெக்கான் கல்லூரி இருப்பதும் அங்கேதான், 1868-லிருந்தே இருக்கிறது.

அதே புனே நகரத்து வசந்த் பராஞ்பே, 1947-ல் இந்திய அரசின் உதவித்தொகையில் சீனமொழி படிக்கப் பீக்கிங் பல்கலைக்கழகம் போனார். இரண்டே ஆண்டில் அங்கே ஆட்சி மாறி, 1949 அக்டோபர் 1-ல் மக்கள் சீனம் பிறந்தது. பின்னர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த அவர், 1954-ல் நேரு பெய்ஜிங் சென்று சீனத் தலைவர் மாவோவைச் சந்தித்தபோது மொழிபெயர்ப்பாளராக உடனிருந்தார். எவ்வளவு பெரிய பொறுப்பு!

சீனமொழி லேசுப்பட்டதல்ல. ‘மா’ என்பதை ஒரே குரலில் நீட்டினால் அம்மா. குரலைத் தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது. எழுத்திலும் அப்படியே: ‘அம்மா’வை எழுத இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பெண் பொருளைச் சொல்கிறாள், குதிரை ஓசையைத் தருகிறது. தமிழுக்கு 247 எழுத்து. சீனத்தில் அன்றாடப் புழக்கத்துக்கென 1988-ல் வகுத்த பட்டியலிலேயே 3,500.

வெளிநாட்டில் மொழி படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.