விமானத்தில் இடுப்புப் பட்டை இருக்கட்டும்!

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் முதியவர்கள், வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் செல்லும் இளைஞர்கள், கணவரைக் காணக் கைக்குழந்தையுடன் கிளம்பும் இளம் பெண்கள் என்று, விமானப் பயணம் நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. எங்கள் நெமிலிச்சேரியிலிருந்தும் பக்கத்துப் பட்டாபிராம், ஆவடியிலிருந்தும் மீனம்பாக்கத்திற்குப் பெட்டியோடு புறப்படுவோர் பலர். பாஸ்போர்ட், விசா, பெட்டியின் எடை ஆகிய அனைத்தையும் பலமுறை சரிபார்த்து அனுப்புகிறோம். விமானத்தில் எப்படி அமர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புகிறோமா?

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் சீட் பெல்ட் அணிந்தால் போதும், விளக்கு அணைந்ததும் அவிழ்த்துவிடலாம் என்றே பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உணர்த்துகிறது.

எட்டே விநாடிகள்

2024 மே 20ஆம் நாள் இரவு, 211 பயணிகளுடனும் 18 பணியாளர்களுடனும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டது. மறுநாள், மியன்மாருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் பறக்கையில் அது திடீரெனக் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. பட்டை விளக்கு போடப்பட்டுவிட்டதாக விமானி கூறிய எட்டாவது விநாடியில் விமானம் கீழ்நோக்கி உந்தப்பட்டது. பட்டை அணியாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டார்கள். அடுத்த நான்கு விநாடிகளுக்குள் கீழே விழுந்தார்கள். தலையிலும் முதுகெலும்பிலும் காயமுற்றோர் பலர். 73 வயதுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது.

அந்த 4.6 விநாடிகளில் விமானம் இறங்கிய உயரம் 178 அடிதான். ஆனால் உடல் விழும் வேகத்தைவிட அதிக வேகத்தில் விமானம் கீழிறங்கும்போது, கட்டப்படாத உடல் பின்தங்கிவிடுகிறது. கூரை இறங்கிவந்து தலையில் மோதுகிறது. எட்டு விநாடிக்குள் பட்டையைத் தேடி, எடுத்து, மாட்டிக்கொள்ள எத்தனை முதியவர்களால் இயலும்? உறங்குபவருக்கு அந்த எட்டு விநாடியும் இல்லை.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காப்பூருக்குச் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கத் தொடங்கியபோது கடுமையாகக் குலுங்கியது. 14 பயணிகளும் 3 பணியாளர்களும் காயமுற்றனர். ஒரு கணம் உடலின் எடை 2.64 மடங்காகியிருந்தது; அதாவது 60 கிலோ மனிதர் ஏறத்தாழ 158 கிலோவாக அழுந்தினார்! மறுகணம் அவரை மேலே வீசும் விசை. அப்போது பட்டை விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றும், அறிவிப்புகள் பலமுறை செய்யப்பட்டன என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது.

ரேடார் காணாதது

‘விமானி முன்கூட்டியே அறிய முடியாதா?’ என்று கேட்கலாம். விமானத்தின் ரேடார் மேகத்திலுள்ள நீர்த்துளிகளைக் கொண்டே புயலைக் காண்கிறது. மேகமே இல்லாத தெளிந்த வானிலும் கொந்தளிப்பு உண்டு. அதை அந்த ரேடாரால் காண இயலாது. வட அட்லாண்டிக் வான்வழியில் இத்தகைய கடுமையான கொந்தளிப்பு 1979க்கும் 2020க்கும் இடையே 55 விழுக்காடு கூடியிருப்பதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கண்டறிந்தனர்.

தரை தொட்டவுடன் எழலாமா?

சக்கரம் தரையைத் தொட்டதும் பட்டையைக் கழற்றி, கைப்பையை எடுக்க எழுந்து நிற்கும் பழக்கமும் நம்மவரிடம் உண்டு. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் கோழிக்கோடு வந்த விமானம், மழையில் தரை தொட்ட பிறகே ஓடுதளத்தைக் கடந்து சரிவில் விழுந்து உடைந்தது. 21 பேர் மாண்டனர். விமானம் நின்று, விளக்கு அணையும் வரை பயணம் முடியவில்லை என்பதே இதன் பாடம்.

சொல்லி அனுப்புங்கள்

பட்டை வயிற்றின்மீது அல்ல, இடுப்பெலும்பின்மீது தாழ்வாக, இறுக்கமாகப் படிய வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே அணிய வேண்டும். போர்வை போர்த்தி உறங்குவோர் போர்வைக்கு மேலே பட்டையைப் பூட்டினால், பணிப்பெண் எழுப்பாமலேயே பார்த்துக்கொள்வார். கைக்குழந்தையைத் தம் பட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டலாகாது. குழந்தைக்கான தனிப்பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். காரில் பட்டையைக் கழற்றப் பொத்தானை அழுத்துகிறோம்; விமானத்திலோ மூடியைத் தூக்க வேண்டும். அமர்ந்தவுடன் ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பழகிக்கொள்வது நல்லது.

ஒளூச் செய்யவோ கழிவறைக்கோ எழுவோர் விளக்கு அணைந்திருக்கும் வேளையில் சென்று, உடனே திரும்பிப் பட்டையை மாட்டிக்கொள்ளட்டும். நிற்க இயலாதபோது அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்தே இருக்கிறது.

பயண துஆ ஓதிவிட்டோம், அல்லாஹ் காப்பான் என்று பட்டையை ஒதுக்குவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கக் கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். அடுத்த முறை நம் வீட்டு முதியவர் ஒருவரை வழியனுப்பும்போது, துஆவோடு இந்த ஒரு வார்த்தையையும் அவர் காதில் போட்டு அனுப்புவோமாக: ‘உட்கார்ந்திருக்கும் வரை பட்டை இடுப்பில் இருக்கட்டும்.’