எடைக்குப் போன ஏடுகள்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கின் குருமனையில் பழைய மர அலமாரியொன்றைக் கரையான் அரித்துவிட்டது. அதனுள் மறைமாவட்ட இதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பாதி மண்ணாகிவிட்டது. மீதியை எடைக்குப் போட்டுவிடும்படி கோயிற்பிள்ளையிடம் சொன்னவன் நானே.

சில மாதங்களுக்குப் பின் முதியவர் ஒருவர் வந்தார். உபதேசியாராகப் பணிபுரிந்து மறைந்த தம் தந்தையாரைக் குறித்து அவ்விதழில் வெளியான இரங்கற் குறிப்பைக் காண இயலுமா என்று வினவினார். அடக்கப் பதிவேட்டில் பெயரும் வயதும் நாளும் இருந்தன. அவர் எத்தகைய மனிதர் என்பதோ எடைக்குப் போன தாளில் இருந்தது. அம்முதியவரிடம் உண்மையைச் சொல்ல நாக் கூசியது.

ஒரு மக்களின் ஏடுகளே எரிந்தால் என்னாகும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச் சுவடிகள், பழைய செய்தித்தாள்கள் யாவும் சாம்பலாயின. 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சி தாளாது உயிர்நீத்தார். குருவாகிய எனக்கு அவரை நினையாமல் இப்பொருளைப் பற்றி எழுத இயலவில்லை.

2005-இல் தன்னார்வலர் சிலர் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் கட்டணமின்றிக் கணினியில் படிக்குமாறு வைத்துள்ளனர். நம் நாட்டிலோ, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்து, ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களையும் இதழ்களையும் தம் வாழ்நாளில் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதனைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே முதலில் நுண்படச் சுருளிலும் பின்னர் கணினியிலும் ஏடுகள் பதிவாயின.

தீயும் கரையானும் தீண்டாவிடினும் செய்தித்தாள் நிலைப்பதில்லை. மரக்கூழ்க் காகிதத்திலுள்ள அமிலமே அதனைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். ஆகவேதான் படமெடுக்க இத்துணை அவசரம். படமெடுத்தாலும் வேலை முடிவதில்லை. ஒரு சொல்லைத் தேடினால் அது வந்த பக்கம் கிடைக்கவேண்டுமாயின், கணினி எழுத்தை இனங்காண வேண்டும். மங்கிய அச்சும், விடுபட்ட புள்ளியும், 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய, துதிக்கை போன்ற வளைவுடைய 'லை', 'னை' போன்ற எழுத்துகளும் அதனை ஏமாற்றுகின்றன. மனிதக் கண்ணே திருத்த வேண்டியுள்ளது. நம் மூக்குக்கண்ணாடிக்கு இன்னும் வேலை இருக்கிறது!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் இருப்பின், கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பசை ஊறித் தாளைக் கெடுக்கும். ஒற்றை இதழாயினும் ஆண்டும் மாதமும் குறித்து உங்கள் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். ஒரு தொகுப்பில் விடுபட்ட மாதம் உங்களிடம் இருக்கலாம்.

அந்த உபதேசியாரைப் பற்றிய குறிப்பு பின்னர்க் கிடைத்தது. அடுத்த பங்கில் ஒரு மூதாட்டியின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த தாளில் பதினான்கு வரிகள். தேடி வந்த முதியவர் அதற்குள் இறைவனடி சேர்ந்திருந்தார். படமெடுத்து அவர் மகளிடம் கொடுத்தேன். அவர் அதனை இருமுறை படித்துவிட்டு, "தாத்தாவுக்குப் பாட்டுக் கூடத் தெரியுமா, சாமி?" என்று கேட்டார்.